முதலாளிக்கு ஒரு நாற்காலி

இருதயமேரி பீடி சுற்றும் முறத்தை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். கத்தரிக்கோலை அதன் மேல் வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டாள்.

அவள் புருஷன் சவரிராயன் அந்தக் கைகளையே பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கைகள் சும்மா இருந்து அவர் பார்த்ததில்லை. பூசைக்குப் போன இடத்தில்கூட அவள் விரல்கள் முந்தானை நுனியை உருட்டிக்கொண்டேயிருக்கும். செபமாலை சொல்கிறாள் என்று பங்குச் சாமியார் நினைத்துக்கொள்வார்.

"என்ன புள்ள, கை நின்னுபோச்சு? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன. நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

"கூலி என்னன்னு சொல்லுங்க முதலாளி. சுத்துறேன்."

பக்கத்து வீட்டில் சாரா பீவி சிரிப்பது கேட்டது. பாலக்கரை மாதாகோயில் சந்தில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். சுவருக்கும் காது அதிகம்.

"புருஷன்கிட்டயா கூலி கேக்குற?"

"புருஷன்கிட்ட யாரு கேட்டா? நான் முதலாளிகிட்ட கேக்குறேன். புருஷன் வந்தா சொல்லுங்க, சட்டியில கஞ்சி இருக்கு, ஊத்துறேன்."

சவரிராயன் பதில் தேடி வாசலுக்குப் போனார். போகும்போது தலையை இடித்துக்கொண்டார். வாசல் நிலையில் நேற்று அவரே ஆணியடித்து மாட்டிய பலகை. நிலையே தாழ்வானது; பெருமையில் அவர் பலகையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி, தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி மாட்டியிருந்தார். பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. சவரிராயன் பீடி ஒர்க்ஸ். உரிமையாளர்: சூ. சவரிராயன்.

தலையைத் தடவிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். மூலையில் மகள் ரோசரி ஈரச் சாக்கைப் பிரித்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். தகரத் தகட்டை இலை மேல் வைப்பதும், அதைச் சுற்றிக் கத்தரிப்பதும் அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. அவள் போகவில்லை. போகவில்லை என்று அவளும் சொல்லவில்லை, ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அதைத்தான் அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

அந்த வருஷம் சர்க்கார் இரண்டு நல்ல காரியங்கள் செய்திருந்தது. பீடி சுற்றுகிறவர்களுக்கு இதற்குக் குறைந்து கூலி கொடுக்கக் கூடாது என்று ஒரு உத்தரவு. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியிலும் சம்பளம் கட்டாமல் படிக்கலாம் என்று இன்னொரு உத்தரவு. இரண்டும் தனித்தனி ஆபீசிலிருந்து கிளம்பின. இரண்டும் சவரிராயன் வீட்டு வாசலில் வந்து முட்டிக்கொள்ளும் என்று எந்த ஆபீசுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

முட்டவைத்தவர் பீடிக் கம்பெனி அடைக்கலராஜ். கோயில் திருவிழாவில் முதல் மாலை அவருக்குத்தான். கூலி உத்தரவு வந்த வாரம் அவர் சவரிராயனுக்கு ஆள் அனுப்பினார்.

சவரிராயன் போனார். வழக்கம்போல் கம்பெனி நடையில் நின்றார். அவர் அங்கே நின்றுதான் பழக்கம். இலை வாங்கும்போது நிற்பார், பீடி எண்ணிக் கொடுக்கும்போது நிற்பார், கழிவு என்று நல்ல பீடியைத் தள்ளும்போதும் நின்றுகொண்டுதான் வருத்தப்படுவார்.

"வாங்க சவரிராயன்," என்றார் அடைக்கலராஜ். "உக்காருங்க."

அதுவரை 'டேய் சவரி' என்றிருந்தது. சவரிராயன் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். யாரும் இல்லை. ஒரு நாற்காலி மட்டும் இருந்தது. கைவைத்த நாற்காலி. அவர் பாதி உடம்பை மட்டும் அதற்குக் கொடுத்து உட்கார்ந்தார். உடனே காப்பி வந்தது.

"சர்க்கார் சொன்னா நான் தட்ட மாட்டேன்," என்றார் அடைக்கலராஜ். "ஆனா இந்தக் கூலி குடுத்தா கம்பெனி நிக்காது. கம்பெனி நிக்கலைன்னா நீங்க நிப்பீங்களா? ராத்திரி பூரா தூக்கமில்ல. அப்புறம் தோணிச்சு, எத்தனை காலத்துக்கு நம்ம சவரிராயன் கூலியாவே இருப்பாருன்னு."

சவரிராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. தமக்காக ஒருவர் ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறார். வீட்டில் அப்படி இருப்பவள் இருதயமேரிதான்; அவள் பீடி சுற்றுவதற்காக விழித்திருப்பதால் அது கணக்கில் வரவில்லை.

ஏற்பாடு சுலபமானது. இனிமேல் கம்பெனி இலையையும் தூளையும் சவரிராயனுக்கு விற்கும். சவரிராயன் சந்திலுள்ள வீடுகளில் கொடுத்துப் பீடி சுற்றி வாங்குவார். அந்தப் பீடியைக் கம்பெனி அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளும். ஆகவே சந்தில் பீடி சுற்றுகிறவர்களுக்கெல்லாம் முதலாளி சவரிராயன். காட்டிய இடத்திலெல்லாம் அவர் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து யோசித்ததில் இலை பழைய இலைதான், தூள் பழைய தூள்தான், கைக்கு வருவதும் பழைய காசுதான். புதிதாக வந்தவை நாற்காலியும் பலகையும். பலகைச் செலவைக்கூடக் கம்பெனியே ஏற்றுக்கொண்டது.

சவரிராயனைக் குறை சொல்வதற்கில்லை. அவரும் உழைக்கிறவர்தான். காலையில் சைக்கிளில் இலைக்கட்டு வைத்துக் கொண்டுவருவார். சாயங்காலம் பீடிக்கூடையைக் கட்டிக்கொண்டு போவார். கழிவு பார்க்கிறவனிடம் சண்டை போடுவார். சண்டைக்குப் பிறகு டீ குடிப்பார். நடுவில் இருக்கிற பகல் முழுவதும் இருதயமேரி சுற்றுவாள். ஆனால் கம்பெனியில் 'பீடித் தொழிலாளி' என்று எழுதியிருந்தது சவரிராயன் பெயர். அந்தச் சந்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பெண்கள் சுற்றினார்கள், ஆண்கள் பெயர் வைத்துக்கொண்டார்கள். அதில் யாருக்கும் தப்பாக எதுவும் படவில்லை.

பலகை மாட்டிய அன்று சாயங்காலமே வத்ஸலா டீச்சர் வந்தார்.

டீச்சர் ஸ்ரீரங்கத்துக்காரர். தினமும் பஸ்ஸில் காவிரியைத் தாண்டி வந்து பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். இலவசப் படிப்புக்கு விண்ணப்பம் போட்ட பிள்ளைகளின் வீட்டை நேரில் பார்த்து எழுத வேண்டும் என்று தலைமையாசிரியை அவரை அனுப்பியிருந்தார். குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தவர், பலகையில் தலையை இடித்துக்கொண்டார். இடித்தது எது என்று அண்ணாந்து பார்த்தார். பார்த்தது படிக்கும்படி இருந்தது. படித்தார்.

"இது யாரு, உரிமையாளர்?"

"நான்தாங்க," என்றார் சவரிராயன். குரல் தானாகவே கனத்துக்கொண்டது. "சின்ன அளவுலதான் பண்றோம். இந்தச் சந்துல அத்தனை வீடும் நம்ம கைக்குள்ளதான்."

உள்ளே இருதயமேரி இருமினாள். அது புகையிலைத் தூள் இருமல் இல்லை, வாயை மூடச் சொல்லும் இருமல். ஆனால் சவரிராயன் அப்போது காது கேட்கிற நிலையில் இல்லை.

"விண்ணப்பத்துல தகப்பனார் தொழில் பீடிக் கூலின்னு போட்டிருக்கே?"

"அது போன மாசம் எழுதினதுங்க. இப்ப அந்த நிலைமை இல்ல. ஆண்டவர் கண்ணத் திறந்துட்டார்."

"டீச்சர்," என்று இருதயமேரி எழுந்து வந்தாள். "அவரு பேச்சை எடுத்துக்காதீங்க. சுத்துறது நான். கூலிய வாங்குறது இவரு. இவ்வளவுதான் எங்க கம்பெனி."

"அது எல்லா ஆத்துலயும் உள்ளதுதான்மா," என்றார் டீச்சர் சட்டென்று. பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் கஷ்டத்தைக் கேளுங்கோ. வாசல்ல உரிமையாளர்னு போர்டு தொங்கறது. அவரே வாயால சொல்றார். அதுக்கப்புறம் ஏழைன்னு நான் எப்படி எழுதறது? நாளைக்கு யாராவது கேட்டா என் வேலைன்னா போயிடும்."

ரோசரியைப் பார்த்தார். "நன்னாப் படிக்கற பொண்ணு. சம்பளம் கட்டியே படிக்கட்டுமே. பகவான் உங்களை நன்னாத்தானே வச்சிருக்கார்?"

"ஆமாங்க," என்றார் சவரிராயன் சிரித்தபடி. டீச்சர் சந்து முனை திரும்பும் வரை அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது. பிறகுதான் அவருக்குப் பேச்சு உள்ளே இறங்கியது. சம்பளம் எங்கேயிருந்து கட்டுவது?

அன்றிரவு யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. காலையில் ரோசரி புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு இலைச் சாக்கைப் பிரித்தாள். இருதயமேரி முறத்தைக் கீழே வைத்தாள்.

சவரிராயன் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கம்பெனிக்குப் போனார். அடைக்கலராஜ் அதே மாதிரி எழுந்து வரவேற்றார். அதே நாற்காலி. அதே காப்பி.

"முதலாளி, ஒரு சின்ன உதவி. நான் உங்ககிட்ட கூலி வேலை பாக்குறேன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"என்ன சவரிராயன் இது?" அடைக்கலராஜ் மனம் புண்பட்டவர் போலச் சொன்னார். "முதலாளிக்கு முதலாளி எப்படிக் கூலின்னு சீட்டு எழுதுறது? பொய்யில்ல?"

"வீட்டுல வேற கூலி கேக்குறாங்க."

"யாரு?"

"என் சம்சாரம்."

"குடுங்க. சட்டம் என்ன சொல்லுதோ அதைக் குடுத்துடுங்க. ஏமாத்தாதீங்க. பாவம், பொம்பளைங்க."

"அந்தக் கூலி குடுத்தா எனக்கு மிச்சம் ஒண்ணும் நிக்காதுங்களே."

"பாத்தீங்களா?" அடைக்கலராஜ் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் உங்களுக்கு முதலாளி கஷ்டம் புரியுது. காப்பி ஆறுது, சாப்பிடுங்க."

சவரிராயன் காப்பியைக் குடித்தார். குடித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஒன்று விளங்கியது. நடையில் நின்ற காலத்தில் அவர் கத்தியிருக்கிறார், சண்டை போட்டிருக்கிறார், ஒரு தடவை கூடையைத் தரையில் போட்டு உடைத்துக்கூட இருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தபிறகு ஒன்றும் கேட்க முடியவில்லை. உட்கார்ந்தவனுக்கு மரியாதை பார்க்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பியபோது சந்தே அவர் வாசலில் இருந்தது. சாரா பீவி, எதிர்வீட்டு அற்புதம்மாள், இன்னும் நாலைந்து பெண்கள். ஒருத்தர் மடியிலும் முறம் இல்லை.

"வாங்க முதலாளி," என்றாள் சாரா பீவி. "சர்க்கார் சொன்ன கூலி எப்பலேருந்து?"

"நீயுமா பீவி? நான் என்ன வச்சிக்கிட்டா இல்லேங்குறேன்?"

"எல்லா முதலாளியும் அதைத்தானே சொல்லுறாங்க," என்றாள் அற்புதம்மாள். அவளுக்குப் பல் இல்லை. சிரித்தால் முகம் முழுவதும் சிரிக்கும். "உம் பொண்டாட்டி லேபர் ஆபீசுக்கு மனு போட்டுட்டா. நாங்களும் கைநாட்டு வச்சிட்டோம். எங்க முதலாளி சவரிராயன் கூலி தரலைன்னு."

"எழுதினது யாரு?"

 ரோசரி குனிந்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். கையில் மை இருந்தது.

ஒரு வாரம் கழித்து லேபர் இன்ஸ்பெக்டர் அருள்நாதன் வந்தார். மெலிந்த உயரமான மனிதர். பலகையில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து நுழைந்தார். சர்க்கார் வேலையில் பல வருஷம் இருந்தால் அந்தப் பழக்கம் வந்துவிடும். சந்தில் நாற்காலி கிடையாது. முக்காலி போட்டார்கள். மடியில் காகிதக் கட்டை வைத்துக்கொண்டு கேட்டார்.

"முதலாளி யாரு?"

"நான்தாங்க."

"புகார் குடுத்தது?"

"என் சம்சாரங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு இருவரையும் பார்த்தார்.

"குடும்பச் சண்டைன்னா சாமியார்கிட்ட போகணும்மா. இது தொழிலாளர் இலாகா."

"குடும்பத்துல சண்டை இல்லீங்க," என்றாள் இருதயமேரி. "சோறு போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கேளுங்க அவரை. கூலி விஷயம் மட்டும்தான்."

"சோறு போடுறாங்க," என்று சவரிராயன் ஒப்புக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் இதுபோன்ற பலகைகளை இதற்கு முன்னும் பார்த்திருக்க வேண்டும். முக்காலியைச் சவரிராயன் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"இலை யாருது?"

"கம்பெனிதுங்க."

"தூள்?"

"கம்பெனிதுதான்."

"விலை வைக்கிறது யாரு? கழிவு தள்ளுறது யாரு?"

"அடைக்கலராஜ் முதலாளி ஆளுங்க."

"அப்ப இதுல உங்களுது என்ன?"

சவரிராயன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "சைக்கிளுங்க," என்றார். "அதுலயும் பின்சக்கரம் மச்சினன்துங்க."

பெண்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க முதலாளின்னா இவங்களுக்கெல்லாம் நீங்கதான் கூலி கட்டணும். தொழிலாளின்னா கம்பெனிக்காரருக்கு நான் நோட்டீஸ் விடுவேன். ரெண்டுல எது?"

சவரிராயன் வாசலைப் பார்த்தார். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் பலகையில் எழுத்து ஒன்றுமில்லை, வெறும் மரம்தான். மூலையில் ரோசரியின் கத்தரிக்கோல் சத்தம் நின்றிருந்தது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொழிலாளிங்க," என்றார். இதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது. முதலாளி என்று சொல்ல அவ்வளவு சுலபமாக இருந்தது.

"என்ன தொழில்?"

"பீடி சுத்துறதுங்க. கம்பெனியில என் பேருதான் இருக்கு, பாத்துக்கலாம்."

"சரி. ஒண்ணு சுத்திக் காட்டுங்க."

இதைச் சவரிராயன் எதிர்பார்க்கவில்லை. இருதயமேரியும் எதிர்பார்க்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. சாரா பீவி முறத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். முறம் மடியில் எப்படி நிற்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் சுற்றியது. ஒரு இலையை எடுத்தார். தூளை வைத்தார். உருட்டினார். தூள் ஒரு பக்கம் போனது, இலை ஒரு பக்கம் போனது. இன்னொன்று எடுத்தார். அது உருண்டது. ஆனால் நடுவில் வயிறு பெருத்து, முனை சூம்பி, பீடிக்கும் சுருட்டுக்கும் உறவில்லாத ஏதோ ஒன்றாக வந்தது. நூல் கட்டப் போனார். பல்லால் கடித்து இழுத்ததில் எல்லாமே அவிழ்ந்து வேட்டியில் கொட்டியது.

"இதைக் கழிவுலகூட எடுக்க மாட்டாங்களே," என்றாள் அற்புதம்மாள், வருத்தமாக.

எல்லாரும் சிரித்தார்கள். சவரிராயனும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. முதலாளியும் இல்லை, தொழிலாளியும் இல்லை என்றால் ஒரு மனுஷன் என்னதான்? மகள் அந்த மூலையிலேயே உட்கார்ந்து, அம்மாவைப் போலவே விரல் காய்த்து, கல்யாணம் ஆகி, இன்னொருத்தன் பெயரில் பீடி சுற்றப்போகிறாள். அதற்கு இவர் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் இரண்டு தடவை உட்கார்ந்து காப்பி குடிப்பதுதான். குடித்தாயிற்று.

இருதயமேரி சிரிக்கவில்லை. எழுந்து வந்தாள். அவர் வேட்டியில் சிந்திய தூளைத் தட்டி முறத்தில் சேர்த்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அதே இலையை, அதே தூளை எடுத்துச் சுற்றி, தலையை மடித்து, நூல் கட்டி இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தாள்.

"கூலிக்காரி நான்தான் சார். இவரு கூலிக்காரி புருஷன். தூக்கிட்டுப் போவாரு, தூக்கிட்டு வருவாரு. நல்ல மனுஷன், நாற்காலி போட்டா உக்காந்துடுவாரு, அவ்வளவுதான். என் பேரை எழுதுங்க."

"உங்க பேரு கம்பெனியில இல்லையேம்மா."

"அதான் சார் எழுதச் சொல்றேன். இருந்தா எதுக்கு எழுதச் சொல்லப்போறேன்?"

இன்ஸ்பெக்டர் அந்தப் பீடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுதினார். இருதயமேரி. அடுத்து சாரா பீவியைக் கேட்டார். அவள் பழக்கத்தில் புருஷன் பெயரைச் சொன்னாள். "உன் பேரும்மா," என்றார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். அற்புதம்மாள் தன் பெயரைச் சொல்லிவிட்டு, எழுதியதை ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னாள். படித்துக் காட்டியதும் இன்னொரு முறை கேட்டாள்.

"நீங்க முதலாளி இல்லைன்னு எழுதியிருக்கேன்," என்றார் இன்ஸ்பெக்டர் சவரிராயனிடம். "வருத்தமில்லையே?"

"கொட்டை எழுத்துல எழுதுங்க சார். பள்ளிக்கூடத்துல டீச்சர் படிக்கணும். ஒரு நகல் குடுங்க."

கம்பெனிக்கு நோட்டீஸ் போயிற்று. அடைக்கலராஜ் வக்கீல் வைத்தார். அதற்கு முன்னால், சந்துக்கு இலை கொடுப்பதை நிறுத்தினார். அரியமங்கலத்தில் ஒருவரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்ததாகச் செய்தி வந்தது.

"என் தங்கச்சி ஆபிதா அங்கதான் இருக்கா," என்றாள் சாரா பீவி. "ஞாயித்துக்கிழமை போவோம் இருதயம். அங்க மாட்டுற பலகையில பெயின்ட் காயுறதுக்குள்ள போயிடணும்."

போனார்கள். அரியமங்கலத்துப் பெண்களும் முறத்தைக் கீழே வைத்தார்கள் என்று அடுத்த வாரம் தெரிந்தது. இலை இன்னும் வரவில்லை. இருதயமேரி தென்னூரில் ஒரு வீட்டுக்கு மாவிடிக்கப் போய்க்கொண்டிருந்தாள். கஞ்சி தண்ணீராகத்தான் இருந்தது. ஆனால் ரோசரியைச் சாக்குப் பக்கம் அவள் விடவில்லை. சாக்கில் இலை இருந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டாள்.

பள்ளியில் விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் திங்கட்கிழமை. டீச்சர் கையெழுத்து வாங்க, சவரிராயன் சனிக்கிழமையே ரோசரியை அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினார். பாலத்தில் பஸ் போகும்போது, புது விண்ணப்பத்தை மடியில் வைத்து ரோசரி எழுதத் தொடங்கினாள். ஒரு இடத்தில் பேனா நின்றது.

"அப்பா, தகப்பனார் தொழில்னு கேட்டிருக்கு. என்ன எழுத?"

சவரிராயன் ஜன்னலுக்கு வெளியே காவிரியைப் பார்த்தார். பழைய விண்ணப்பத்தில் கூலி என்று போட்டது பொய். பலகையில் உரிமையாளர் என்று போட்டதும் பொய். இந்த முறை டீச்சருக்கு எதிரில் பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

"எழுதும்மா," என்றார். சொன்னார். அவள் ஒருமுறை அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது ரோசரி மெதுவாகச் சொன்னாள். "டீச்சரோட வீட்டுக்காரர் வேலைக்குப் போறதில்லப்பா. நல்ல வேலை வந்தா போலாம்னு காத்துக்கிட்டிருக்காங்களாம். ரொம்ப வருஷமா."

"உனக்கு யாரு சொன்னது?"

"ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும்."

உத்தர வீதியில் டீச்சர் வீடு. நிலை உயரமாக இருந்தது; இடித்துக்கொள்ளப் பயமில்லை. டீச்சர் வந்து பார்த்தார். "வாங்கோ" என்றார். உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசல்படிக்கு வெளியே போட்டார். நாற்காலி வெளியே வந்தது; சவரிராயன் உள்ளே வரவேண்டியதில்லை என்று ஆயிற்று.

"உக்காருங்கோ."

"வேணாங்க. நாற்காலின்னா இப்பெல்லாம் எனக்குக் கொஞ்சம் பயம்."

டீச்சருக்குப் புரியவில்லை. இன்ஸ்பெக்டர் கொடுத்த நகலை வாங்கிப் படித்தார். கொட்டை எழுத்தாகவே இருந்தது. முகம் தெளிந்தது. பிறகு விண்ணப்பத்தை விரலோட்டிப் படித்துக்கொண்டே வந்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

தகப்பனார் தொழில்: அம்மா பீடி சுற்றுகிறார்.

"என்னம்மா இது? தகப்பனார் தொழில்னா கேட்டிருக்கா?"

"நான்தாங்க எழுதச் சொன்னேன்," என்றார் சவரிராயன். "எங்க வீட்டுல தொழில்னா அது ஒண்ணுதான் டீச்சர். எனக்குன்னு தனியா ஒண்ணு இருக்கும்னு நானும் ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் முன்னால சுத்திப் பாத்தேன், வரலை."

"அப்படியெல்லாம் இதுல போடப்படாது. நான் அடிச்சுட்டுக் கூலின்னு போட்டுடறேன். ஒண்ணும் தப்பில்லை."

டீச்சர் பேனாவைத் திறந்தார். அந்த வரியின் மேல் வைத்தார்.

உள்ளே சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது. செய்தித்தாள் மடக்கும் சத்தம் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு குரல் வந்தது.

"வத்ஸலா, நேத்து சம்பளம் போட்டாச்சோல்லியோ? மேஜை மேல காணலியே. எங்கே வச்சே?"

பேனா அப்படியே நின்றது. ரோசரி தரையைப் பார்த்தாள். சவரிராயன் தெருவில் போன மாட்டை மிகவும் அக்கறையாகப் பார்த்தார்.

டீச்சர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது, வந்ததை மறைக்கவில்லை. அடிக்காமலே கீழே போய்த் தன் கையெழுத்தைப் போட்டார். பேனாவை மூடினார்.

"சரியாத்தான் எழுதியிருக்கே. திங்கக்கிழமை கிளாசுக்கு வந்துடு."

"வத்ஸலா? காதுல விழறதோ?"

"விழறது," என்றார் டீச்சர், வாசலில் நின்றபடியே. "என் பையில இருக்கு. அங்கேயே இருக்கட்டும்."